பெயருக்கு முன்னால் ஒரு ‘வந்து’

ஓய்வுபெற்ற கோர்ட்டு ஊழியர்கள் நாங்கள் ஐந்தாறு பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஜொகூர் பாருவில் இந்திய முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடையில் கூடுவது வழக்கம். போன மாதம் பக்கத்து மேசையில் இருந்த பிரபா, எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிரபா ஒரு பெண் வழக்கறிஞர். நாற்பதைத் தாண்டியவர். நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் என்னோடு வாயாடிப் பழகியவர்.

“அங்கிள், இத பாருங்க” என்று கைப்பேசியை நீட்டினார். “விசாரணை ரெக்கார்டிங்க உள்ள போட்டா அதுவே டைப் பண்ணிக் குடுத்துருது. எவ்ளோ கிளீன் பாருங்க. ‘ஆ’, ‘ம்’, ‘வந்து’ எல்லாத்தையும் தூக்கிடுது.”

“யாரு தூக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. அதுவா செய்யுது. படிக்க ஈஸி லா.”

நான் தே தாரிக் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். பழைய பதிவறைக் குமாஸ்தா ஹனிபா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போச்சு. இனி மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க முடியாது” என்று சொல்லி இன்னொரு ரொட்டி சானாய்க்குக் கை காட்டினார்.

அன்று பிரபாவிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது ஹனிபா நடுநடுவே குறுக்கிட்டார். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஜுருபகாசா என்றால்தான் எங்கள் ஊரில் தெரியும். சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப் பள்ளியோடு படிப்பு நின்றது. ஆங்கிலம், ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷன் பெஞ்சில் போட்டுவிட்டுப் போகும் பத்திரிகைகளில் படித்தது. இரண்டாம் தடவை எழுதிய மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில் தேறினேன். அவ்வளவுதான் என் கல்வி வரலாறு.

வேலையில் எனக்கு ஒரே ஒரு சுகம் இருந்தது. மக்கள் பேசுவதைக் கேட்பது. சாட்சிக் கூண்டில் ஏறிய ஒரு அம்மா, “கோவம் எனக்கு வரலைங்க ஐயா. கோவந்தான் வந்து என்னைய கூட்டிட்டுப் போச்சு” என்றார். குடித்துவிட்டு சைக்கிளோடு வடிகாலில் விழுந்த ஒருவர், “நான் நேராத்தான் போனேன், ரோடுதான் வளைஞ்சு நின்னுச்சு” என்றார். இதையெல்லாம் வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். நல்ல வாக்கியம் என்றால் எனக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியந்தான் ஒரு மனிதனைக் கிட்டத்தட்டத் தூக்குமேடை வரை கொண்டுபோனது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

எனக்கு வேலை பழக்கியவர் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆரோக்கியசாமி. சட்டைக் காலர் ஒரு நாளும் கசங்காது. அவர் சொன்ன முதல் பாடம் இதுதான்: “சாட்சி வாயைப் பாக்காத. ஜட்ஜ் பேனாவைப் பாரு.”

அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கிடையாது. சாட்சி சொல்வது ஒவ்வொன்றையும் நீதிபதி தன் கையால் எழுத வேண்டும். சாட்சி தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன், நீதிபதி எழுதுவார். பேனா நிற்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். நான் துண்டு துண்டாகச் சொன்னால் பேனா திணறும். திணறினால் நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நாங்கள் எல்லோரும் சாட்சியின் வாயில் வருவதை மடித்து, இஸ்திரி போட்டு, ஒரே வாக்கியமாக நீட்டுவோம்.

“வாயில வர்ற குப்பையெல்லாம் அள்ளிக் கொட்டாத” என்பார் ஆரோக்கியசாமி. “சாரத்தைக் குடு.”

எனக்கு அது தேன். முரட்டுப் பேச்சை வாங்கி வழவழப்பாகத் திருப்பிக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி வழக்கு.

சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டம். கோயில் தீமிதிக்குத் தோட்டமே போயிருந்த ஒரு பகலில், ரப்பர் ஷீட்டுகள் அடுக்கிவைத்த ஸ்டோரில் இரண்டு பேர் புகுந்தார்கள். காவலாளி தடுத்திருக்கிறார். இரும்புக் கம்பியால் ஒரே அடி. இறந்துபோனார். கோபால் என்ற லோரி கிளீனர் பிடிபட்டான். தான் ஷீட்டைத்தான் தூக்கியதாகவும், அடித்தது கூட வந்த முனியாண்டி என்றும் சொன்னான். அரசுத் தரப்பு கோபாலைச் சாட்சியாக மாற்றிக்கொண்டது. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் முனியாண்டி கொலைக் குற்றவாளியாகக் கூண்டில் ஏறினான். குற்றம் நிரூபணமானால் தூக்கு. அந்தக் காலத்தில் அதில் வேறு பேச்சே இல்லை.

முனியாண்டிக்கு எதிராக இருந்தது கோபாலின் வாய் ஒன்றுதான். கைரேகை இல்லை. அவனை அங்கே பார்த்தவர் யாரும் இல்லை. தீமிதிக் கூட்டத்தில் இருந்ததாக அவன் சொன்னான். ஆனால் அத்தனை பெரிய கூட்டத்தில் யாரை எந்த நேரத்தில் பார்த்தோம் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜூரி முறை நம் நாட்டில் போய் முப்பது வருடமாகிறது. பலருக்கு அது சினிமாவில் பார்த்த விஷயம். எங்கள் கோர்ட்டில் ஏழு பேர் உட்காருவார்கள். ஐந்து பேராவது ஒரு பக்கம் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் தீர்ப்பு இல்லை, எல்லாம் முதலிலிருந்து. இந்த வழக்கின் ஏழு பேரில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நீதிபதிக்குத் தெரியாது. அரசு வழக்கறிஞருக்குத் தெரியாது. முனியாண்டிக்காக கோர்ட்டு நியமித்த வழக்கறிஞருக்கும் தெரியாது. அந்த அறையில் கோபால் பேசியதைக் காதால் வாங்கிப் புரிந்துகொண்டவர்கள் மூன்று பேர்: கோபால், முனியாண்டி, நான்.

கோபால் நன்றாகப் பேசினான். எந்தப் பக்கமாக வந்தோம், எந்தப் பூட்டை உடைத்தோம், காவலாளியின் பிளாஸ்க்கில் பாதித் தேத்தண்ணி மிச்சம் இருந்தது, மூடி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது என்று அருவி மாதிரி கொட்டினான். ஒரு இடத்தில் மட்டும் அருவி நின்றது.

“உன்னுடன் வந்தது யார்?” என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

“என்கூட வந்ததுங்களா... வந்து... அதாங்க... வந்து... முனியாண்டி. முனியாண்டிங்க.”

நான் பேனாவைப் பார்த்தேன். ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொன்னேன்: என்னுடன் வந்தது முனியாண்டி. பேனா ஓடியது. அடித்தது யார் என்று கேட்டபோதும் அதே விக்கல், அதே இஸ்திரி. குறுக்கு விசாரணையில் மூன்றாம் தடவையும் அப்படியே.

அன்று மதிய இடைவேளையில் முனியாண்டி கூண்டுக் கம்பியின் இடுக்கில் முகத்தை வைத்து என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணே. எம் பேரு வர்றப்ப மட்டும் அவன் முழுங்குறான், பாத்தீங்களா. வக்கீலு ஐயாட்ட கொஞ்சம் சொல்லுங்கண்ணே.”

“அதெல்லாம் அவரு பாத்துக்குவாரு. நீ சும்மா இரு.”

“அவருக்குத் தமிழ் தெரியாதேண்ணே.”

“சும்மா இருன்னு சொன்னேன்ல.”

நான் சாப்பிடப் போய்விட்டேன். என்ன சாப்பிட்டேன் என்றுகூட இன்னும் நினைவிருக்கிறது. மீன் தலைக் கறி.

எல்லாச் சாட்சியும் முடிந்தபின் நீதிபதி ஜூரிக்கு வழக்கைத் தொகுத்துச் சொன்னார். நான் பார்த்த நீதிபதிகளிலேயே மெதுவானவர் அவர். ஒரு பக்கம் எழுதி முடித்தால் மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தி, அதைத் தூக்கிப் பார்த்து, பிறகுதான் அடுத்த வார்த்தை. குரல் ஒரு நாளும் உயராது. அவர் சொன்னதன் சாரம் இது:

“கோபால் குற்றத்தில் பங்கு கொண்டவர். அவர் உள்ளே நடந்ததைச் சரியாகச் சொன்னால், அவர் உள்ளே இருந்தார் என்றுதான் அர்த்தம். அவர் பக்கத்தில் யார் இருந்தார் என்பதை அது காட்டாது. உண்மையான கதையில் ஒரே ஒரு பெயரை மாற்றிவைப்பது அவருக்குச் சுலபம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் மாற்றலாம், வேறொருவரைக் காப்பாற்றவும் மாற்றலாம். ஆகவே குற்றம் சாட்டப்பட்டவரைத் தொடுகிற வேறொரு ஆதாரம், கோபாலின் வாயிலிருந்து வராத ஆதாரம், இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டாலும் அவரை நம்ப உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது ஆபத்து. ஆபத்து என்று தெரிந்து நம்புங்கள்.”

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஏழு பேரும் தலையாட்டினார்கள். அறைக்குள் போனார்கள். ஒரு மணி நேரத்தில் ஜூரித் தலைவரான வங்கி அதிகாரி, ஒரு சீனர், கேள்விச் சீட்டோடு வெளியே வந்தார். எல்லோரும் கோர்ட்டில் கூடினோம். நீதிபதி சீட்டை வாசித்தார்.

பிளாஸ்க்கில் பாதித் தேத்தண்ணி இருந்ததாக கோபால் சொன்னார், போலீசும் அப்படியே கண்டெடுத்தது, இது ஆதாரம் ஆகாதா?

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கோபால் அங்கே இருந்தான் என்று கோபாலே சொல்கிறான். அதை யாரும் மறுக்கவில்லை. தேத்தண்ணி முனியாண்டியை எங்கே காட்டுகிறது? ஆனால் இந்தத் தவறை நான் எத்தனையோ ஜூரியில் பார்த்திருக்கிறேன். சின்னச் சின்ன விவரம் சரியாக இருந்தால் போதும், பெரிய பொய்யும் அதன் முதுகில் ஏறி உள்ளே வந்துவிடும். படித்தவர்கள், வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவர்கள், இதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் சறுக்குவார்கள். எனக்கு அலுத்தே போயிருந்தது.

நீதிபதிக்கு அலுக்கவில்லை. அதே குரலில், அதே வேகத்தில் மறுபடி விளக்கினார். கடைசியில் மறுபடி, “ஆபத்து” என்றார். போனார்கள்.

அரை மணி கழித்து இரண்டாவது சீட்டு.

கோபால் மூன்று தடவை கேட்டும் முனியாண்டியின் பெயரைத் தயங்காமல் நேராகச் சொன்னார். அதைக் கணக்கில் எடுக்கலாமா?

நீதிபதி, “சாட்சி பேசிய விதத்தை எடைபோடுவது உங்கள் வேலை. எடுக்கலாம்” என்றார். சட்டப்படி சரியான பதில். ஏழு பேரும் உள்ளே போனார்கள்.

தமிழ் தெரியாத காதுக்கு ‘வந்து’, ‘அதாங்க’ எல்லாம் பதிலின் சொற்களாகத்தான் கேட்டிருக்கும். தயங்காமல் சொன்னது கோபால் இல்லை. நான். அவர்கள் எடைபோடுவது என் குரலை. என் வழவழப்பை.

கூண்டில் இருந்த முனியாண்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டில் இருந்ததை அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். “தயங்காமயா?” என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

நடைபாதையில் ஆரோக்கியசாமியைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“கோபால் என்ன சொன்னான்?”

“முனியாண்டின்னு.”

“நீ என்ன சொன்ன?”

“முனியாண்டின்னு.”

“அப்பறம் என்ன தப்பு? போய் உக்காரு.”

“சார், அவன் திக்கினான். மூணு தடவையும். அந்தப் பேருல மட்டும்.”

“திக்குறதுக்கு இங்கிலீஷ் உண்டா? நீ இப்பப் போயி வாயத் திறந்தா, நாம இத்தன வருஷம் நின்ன கேஸ் எல்லாத்தையும் தோண்டுவாங்க. உன் பேரு மட்டும் இல்ல, என் பேரும் நாறிப்போகும். புள்ளைங்க இருக்குல்ல உனக்கு?”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பாதி நியாயமும் இருந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அறைக் கதவுக்குள் ஏழு பேர் என் குரலைத் தராசில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த நிமிடமும் கதவு திறக்கலாம். திறந்துவிட்டால் நான் என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்லை. நேராக நீதிபதியின் அறை வாசலுக்குப் போய்ச் செயலாளரிடம், “ஜட்ஜைப் பாக்கணும், லாயர் ரெண்டு பேரும் கூட இருக்கணும்” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

நீதிபதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்” என்றார். சொன்னேன். வந்து, அதாங்க, வந்து. அவர் பேனா காகிதத்தின் மேல் நின்றது. எப்படி எழுதுவது என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் வரிசையாகப் புள்ளிகள் வைத்தார்.

“உன்னை ஒன்று கேட்கிறேன்” என்றார். “எத்தனை நாளாக இப்படிச் செய்கிறாய்?”

“வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, ஐயா. நீங்கள் எழுத வசதியாக இருக்கட்டும் என்று.”

அவர் மை ஒற்றும் தாளை எடுத்து அந்தப் புள்ளிகள் மேல் வைத்து அழுத்தினார். நிறைய நேரம் அழுத்தினார்.

அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். ஆனாலும் ஜூரி திரும்ப அழைக்கப்பட்டது. நான் திறந்த கோர்ட்டில் சத்தியம் செய்து, அந்த மூன்று பதில்களையும் கோபால் சொன்ன மாதிரியே, நிறுத்தி, விழுங்கி, சொல்லிக்காட்டினேன். அடுத்தவர் வாயாகவே இருந்த நான் அந்த இடத்தில் என் சொந்த வாயால் பேசியது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசையில் ஆரோக்கியசாமி எழுந்து வெளியே போனார். பிறகு இரண்டு வருடம் அவர் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை.

அன்று மாலை கோர்ட்டு மூடுவதற்கு முன் ஜூரி வந்தது. ஐந்துக்கு இரண்டு. குற்றவாளி இல்லை.

“விட்டுட்டாங்கப்பா” என்று முனியாண்டியிடம் சொன்னேன். “நீ போகலாம்.”

அவன் கூண்டுக் கம்பியை விடவில்லை. “நெசமாவா அண்ணே?” என்றான். பிறகு, “நான் அன்னிக்கே சொன்னேனேண்ணே” என்றான். கோபமே இல்லாமல், மறந்துபோன ஒருவருக்கு நினைவுபடுத்துகிற மாதிரி. அதற்கப்புறம், சிம்பாங் ரெங்கம் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்லவனாகவே இன்று ரொட்டி சானாய் தின்றுகொண்டிருப்பேன்.

சில மாதம் கழித்து அந்த வங்கி அதிகாரியை ஒரு காப்பிக் கடையில் பார்த்தேன். ஜூரி அறையில் நடந்ததை வெளியே பேசக்கூடாது. நானும் கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். ஒரு ‘வந்து’ கூட விடவில்லை.

“உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நீங்க எழுந்து சொல்றதுக்கு முன்னால நாங்க ஆறு பேரு விட்டுடலாம்னுதான் இருந்தோம். அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர்தான் முரண்டு. ரெண்டு சீட்டுமே அவருக்காக எழுதினது.”

“நான் சொன்னப்புறம்?”

“ரெண்டு பேராயிட்டாங்க.”

காப்பிக் கிளாஸைத் தள்ளிவைத்தேன். “எப்படிங்க?”

“எங்கள்ல இருந்த இன்சூரன்ஸ்காரர் மாறிட்டாரு. ‘பொய் சொல்றவன் மனப்பாடம் பண்ணிட்டு வருவான், தடங்கல் இல்லாம ஒப்பிப்பான். சிநேகிதனைக் காட்டிக்குடுக்குறப்ப தொண்டை அடைக்காதா? திக்கினான்னா அது நெசம்’னாரு. இன்னொருத்தரும் ஆமா ஆமான்னு தலையாட்ட ஆரம்பிச்சாரு. நல்லவேளை, நின்னுட்டாரு.”

அவர் நிற்காமல் போயிருந்தால் நான்குக்கு மூன்று. தீர்ப்பு இல்லை. முனியாண்டி மறுபடி சிறைக்கு, மறுபடி விசாரணைக்கு. அடுத்த ஏழு பேர் எப்படிப்பட்டவர்களோ. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் எழுந்து நின்றது, அவனைக் கிட்டத்தட்டத் திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறது.

“அந்த அஞ்சு பேரு ஏன் விட்டீங்க?” என்றேன்.

அவர் தோளைக் குலுக்கினார். “ஜட்ஜ் ஆபத்துன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. சிரிக்கவே சிரிக்காத மனுசன் அப்படிச் சொன்னா பயமா இருக்காதா? பயந்துட்டோம்.”

இத்தனை வருடமாக இதை நினைத்து நினைத்து எனக்கு எரிச்சல் தீரவில்லை. ஒருவருக்குத் தேத்தண்ணி போதும். அதே ஆளுக்குத் திக்காதது போதும். இன்னொருவருக்குத் திக்கியது போதும். ஒரே விக்கலை வைத்துக்கொண்டு ஒருவர் பொய் என்பார், ஒருவர் உண்மை என்பார், இரண்டு பேரும் ஒரே உறுதியோடு சொல்வார்கள். ஜூரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்த இன்சூரன்ஸ்காரர்தான் கண்முன் வருகிறார். வேண்டாம் என்று யாராவது சொன்னாலோ, பயந்துபோன அந்த ஐந்து பேர் வருகிறார்கள். ஸ்டோரில் அந்த இரண்டாவது ஆள் யார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. முனியாண்டியாகக்கூட இருக்கலாம். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த வழக்குக்குப் பிறகு நான் எதையும் இஸ்திரி போடவில்லை. ‘வந்து’ என்றால் அதற்கு ஒரு ஆங்கிலத் தடுமாற்றம், மௌனம் என்றால் “சாட்சி பேசவில்லை” என்று ஒரு வரி. நீதிபதிகள் பலர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஹனிபா மூன்றாவது ரொட்டியில் இருந்தார். பிரபா கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி அங்கிள். இது என் கட்சிக்காரருக்கு எதிரா அவரோட பார்ட்னர் சொன்ன சாட்சி. நீங்க சொன்ன கோபால் மாதிரிதான். இந்த ‘வந்து’ எல்லாத்தையும் திரும்பப் போட்டா என் ஆளுக்கு நல்லதா, கெட்டதா?”

“தெரியாது.”

“தெரியாமயே போடச் சொல்றீங்க.”

“தெரியாததாலதாம்மா போடச் சொல்றேன்.”

“அலமாக்” என்று பெருமூச்சு விட்டார். நாலு மணி நேர ரெக்கார்டிங் அது. பையில் துழாவி இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். கடைக்காரரிடம் ஒரு பேனா இரவல் வாங்கி, அச்சடித்து வைத்திருந்த தாள்களை மேசையில் விரித்து, முதல் வரியிலிருந்து கேட்கத் தொடங்கினார்.

முதல் பக்கத்திலேயே நான்கு ‘வந்து’ விட்டுப்போயிருந்தன.